பலபடியாக்க வினையூக்கிகளும் திடநிலை என்எம்ஆரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றுக்கான வினையூக்கிகளை எடுத்துக்கொண்டு திடநிலை என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவி அறைக்கு வரும் ஆய்வு மாணவர்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மெக்னீசியம் குளோரைடைத் தாங்கியாகக் கொண்ட சீக்லர்–நட்டா வினையூக்கியைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வருகின்றன. சிலிக்கா மேல் அமைந்த சிர்கோனியம், குரோமியம் வினையூக்கிகள் இடையிடையே வரும்.

வினையூக்கியை ஏதாவது ஒரு கரைப்பானில் கரைத்து, வழக்கமான திரவ என்எம்ஆர் எடுத்தால் போதாதா?

கரைந்த கணத்திலேயே அது வினையூக்கியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. 1953இல் கார்ல் சீக்லர் ஜெர்மனியின் மியூல்ஹைமில் எத்திலீனைக் குறைந்த அழுத்தத்தில் பலபடியாக்கினார். மறு ஆண்டு ஜூலியோ நட்டா மிலானில் பக்கத் தொகுதிகள் எல்லாம் ஒரே பக்கம் ஒழுங்காக நிற்கும் ஐசோடாக்டிக் பாலிபுரொப்பிலீனைப் பெற்றார். அந்த ஒழுங்கான சங்கிலி உருவானதற்குத் திண்மத்தின் பரப்பே காரணம். இன்றைய ஆலைகளில் உள்ள வினையூக்கியில் சில நானோமீட்டர் தடிமனுள்ள மெக்னீசியம் குளோரைடு நுண்படிகங்களும், அவற்றின் ஓரங்களில் ஒட்டிய டைட்டானியம் டெட்ராகுளோரைடும், தாலேட் எஸ்டர் அல்லது டைஈதர் போன்ற எலக்ட்ரான் வழங்கி ஒன்றும் இருக்கின்றன. எது எதன் அருகில் அமர்ந்திருக்கிறது என்பதில்தான் இவ்வினையூக்கியின் திறன் முழுவதும் அடங்கியிருக்கிறது. கரைத்தால் அழிவதும் அதுவே.

ஆயினும் கரைத்துப் பார்ப்பது வீண்வேலை அன்று. மாதிரியில் எடை அளவில் எத்தனை விழுக்காடு டைட்டானியம், எத்தனை விழுக்காடு வழங்கி என்ற கணக்கு அதிலிருந்துதான் வரும். அந்தக் கணக்கு கையில் இல்லாமல் திடநிலை அளவீட்டுக்கு வரவேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவும் இங்கே ஓரளவுக்கே உதவுகிறது: அடுக்குகள் ஒழுங்கின்றிச் சரிந்து கிடப்பதால் அதன் கோடுகள் அகன்று போய்விடுகின்றன. நெடுந்தொலைவு ஒழுங்கை நம்பாமல் அணுவின் உடனடிச் சுற்றுப்புறத்தை மட்டும் கேட்டறியும் என்எம்ஆருக்கு இந்த ஒழுங்கின்மை தடையாவதில்லை.

மாயக்கோணம் என்பது என்ன? மாதிரியை ஏன் அவ்வளவு வேகமாகச் சுழற்ற வேண்டும்?

திரவத்தில் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் உருண்டு புரள்வதால், திசையைச் சார்ந்த இடைவினைகள் தாமாகவே சராசரியாகி மறைகின்றன. திண்மத்தில் அப்படிப் புரள வழியில்லை. ஒவ்வொரு துகளும் காந்தப் புலத்துக்குத் தான் நிற்கும் கோணத்தைப் பொறுத்து வெவ்வேறு அதிர்வெண்ணைத் தருவதால், கூரிய முகடு வரவேண்டிய இடத்தில் அகன்ற மேடு வருகிறது. இந்தத் திசைச் சார்பைத் தீர்மானிக்கும் கணிதக் கோவை, புலத்துக்கு 54.74 பாகைக் கோணத்தில் பூச்சியமாகிறது. மாதிரியை அந்தக் கோணத்தில் சாய்த்து விரைவாகச் சுழற்றினால், திரவம் தானாகச் செய்வதை நாம் இயந்திரத்தால் செய்தவர்களாகிறோம். 1958இல் வேல்ஸ் நாட்டின் பாங்கோரில் ஆண்ட்ரூ குழுவினரும், 1959இல் அமெரிக்காவில் லோவும் இதைச் செய்து காட்டினர்.

சுழற்சி வேகம், நாம் ஒழிக்க விரும்பும் இடைவினையின் அகலத்தை விஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் முதன்மை முகட்டின் இருபுறமும் சுழற்சிப் பக்கமுகடுகள் வரிசையாக நிற்கும். மாதிரியை அடைக்கும் சிறு உருளைக்கு ரோட்டர் என்று பெயர். 4 மி.மீ. ரோட்டர் நொடிக்கு 15,000 முறை, அதாவது நிமிடத்துக்கு 9 லட்சம் முறை சுழலும். 1.3 மி.மீ. ரோட்டர் நொடிக்கு 60,000 முறையைத் தொடும். ஆனால் அதில் சில மில்லிகிராம் தூளே கொள்ளும், காற்று உராய்வால் மாதிரியின் வெப்பநிலையும் பல பாகை உயரும். டைட்டானியம்–ஆல்கைல் பிணைப்புள்ள மாதிரியில் இந்த உயர்வு பொருட்படுத்த வேண்டியது. ஈய நைட்ரேட்டைக் கொண்டு உண்மையான வெப்பநிலையை அளந்துகொண்ட பிறகே அத்தகைய மாதிரியை அந்த வேகத்தில் சுழற்ற வேண்டும்.

எந்தக் கருவை முதலில் பார்ப்பது?

புரோட்டானில் தொடங்குங்கள். நேரம் குறைவு, உணர்திறன் மிகுதி. மாதிரி ஈரத்தைக் குடித்திருக்கிறதா, கழுவிய ஹெப்டேன் எஞ்சியிருக்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்து கார்பன்-13, வழங்கியின் எலும்புக்கூட்டைக் காட்டும். இயற்கையில் கார்பனில் 1.1 விழுக்காடே இந்த ஐசோடோப்பு என்பதால் பொறுமை வேண்டும். சிலிக்கா தாங்கியானாலும், வெளி வழங்கியாக (கிளர்வூட்டும்போது தனியே சேர்ப்பது) அல்காக்சிசிலேன் சேர்த்திருந்தாலும், சிலிக்கான்-29 பயன்படும்.

அலுமினியம்-27, குளோரின்-35, மெக்னீசியம்-25, டைட்டானியம்-47, டைட்டானியம்-49 ஆகியவை நான்முனைக் கருக்கள். இவற்றின் மின்னூட்டப் பரவல் கோள வடிவில் இல்லாததால், சுற்றியுள்ள மின்புலச் சரிவோடு பிணைந்து முகடு விரிகிறது. மாயக்கோணச் சுழற்சி அந்த விரிவை முழுமையாக நீக்குவதில்லை. அலுமினியம் நூறு விழுக்காடும் இந்த ஒரே ஐசோடோப்பாக இருப்பதால் எளிது. மெக்னீசியம்-25 பத்து விழுக்காடே, அதுவும் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலிப்பது. முதல் நாளிலேயே அதற்குப் போவதால் பயனில்லை.

இது காற்றில் பட்டால் கெடும் பொருள். ரோட்டருக்குள் எப்படிப் பத்திரமாக வைப்பது?

ஆர்கான் நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் அடைத்து, மூடியை இறுக்கி, தாங்கு காற்றுக்கும் சுழற்று காற்றுக்கும் அழுத்தக் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனைப் பயன்படுத்துவதே நடைமுறை. ரோட்டரையும் மூடியையும் முந்தைய இரவே வெற்றிட அடுப்பில் உலர்த்தி வையுங்கள். சிர்கோனியாவின் பரப்பிலும் ஈரம் ஒட்டியிருக்கும். தூளைச் சிறிது சிறிதாகப் போட்டு ஒவ்வொரு முறையும் கோலால் சீராக அழுத்துங்கள். ஒருபுறம் தளர்ந்திருந்தால் ரோட்டர் ஆடும், வேகம் ஏறாது, சில வேளைகளில் உடையும்.

கெட்டுவிட்டதைக் கண்ணாலேயே அறியலாம். டிரைஎத்தில் அலுமினியத்தால் கிளர்வூட்டிய (செயல்படத் தூண்டிய) சீக்லர்–நட்டா மாதிரி அடர் பழுப்பாக இருக்கும். எங்கள் அறையில் ஒருமுறை இரவு முழுவதும் ஓடிய ரோட்டரைக் காலையில் திறந்தபோது, மூடியை ஒட்டிய ஒரு மில்லிமீட்டர் மட்டும் வெளிறி, அதற்குக் கீழே பழுப்பு அப்படியே இருந்தது. மூடியின் வளையத்தில் மயிரிழை போன்ற கீறல். அந்த நிறமாலையை நிராகரித்துவிட்டோம். அன்றிலிருந்து ஒவ்வொரு நீண்ட அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு புரோட்டான் நிறமாலை எடுத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது கட்டாயமாயிற்று. இரண்டும் பொருந்தாவிட்டால் நடுவில் கிடைத்ததை யாரிடமும் காட்டுவதில்லை.

சிபி முறையில் அருமையான நிறமாலை கிடைத்தது. முகடுகளின் பரப்பை வைத்து விகிதம் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. சிபி எனப்படும் குறுக்கு முனைவாக்கத்தில் புரோட்டான்களின் காந்தமாக்கம் அருகிலுள்ள கார்பனுக்கு மாற்றப்படுகிறது. கார்பனின் குறிகை கூடியபட்சம் நான்கு மடங்கு வலுப்பெறும், அடுத்த அளவீட்டுக்குக் காத்திருக்கும் நேரமும் குறையும். ஆனால் எவ்வளவு மாற்றப்படுகிறது என்பது, அந்தக் கார்பனுக்கு அருகில் எத்தனை புரோட்டான்கள் உள்ளன, அந்தத் தொகுதி எவ்வளவு அசைகிறது என்பவற்றைப் பொறுத்தது. புரோட்டான் இல்லாத கார்பனைல் கார்பன் மெதுவாக நிரம்பும். இறுகப் பிணைந்த மெத்திலீன் சட்டென நிரம்பும். விரைந்து அசையும் தொகுதி ஏறத்தாழத் தெரியாமலே போகும். இந்த மாற்றத்துக்கு விடும் தொடர்பு நேரத்தை மாற்றினால் விகிதமும் மாறும். அத்தகைய விகிதம் பொருளின் பண்பாகாது.

அளவு வேண்டுமென்றால் நேரடிக் கிளர்ச்சி முறையில், கிளர்ந்த கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும் தளர்வு நேரத்தைப் போல் ஐந்து மடங்கு காத்திருந்து எடுங்கள். எடை தெரிந்த ஒப்பீட்டுப் பொருள் ஒன்றையும் அதே ரோட்டரில் அதே நிலையில் அளந்து, வந்த குறிகையை எண்ணிக்கையாக மாற்றுங்கள். பிறகு முதல் பதிலில் சொன்ன கரைசல் பகுப்பாய்வோடு ஒப்பிடுங்கள். மாதிரியில் இருக்கும் வழங்கியில் எழுபது விழுக்காடுதான் முகடுகளில் தெரிகிறது என்றால், காணாமற்போன முப்பது விழுக்காடு எங்கே என்பதே உங்கள் அடுத்த ஆய்வுக் கேள்வி.

எலக்ட்ரான் வழங்கி டைட்டானியத்தோடு பிணைகிறதா, மெக்னீசியத்தோடு பிணைகிறதா? கார்பனைல் முகட்டை வைத்தே சொல்லிவிடலாமா?

இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. வழங்கியைச் சேர்த்தவுடன் பாலிபுரொப்பிலீனின் ஒழுங்கு உயர்வதைக் கண்டவர்கள், அது டைட்டானியத்தைத்தான் நேராகத் தொட்டு வழிநடத்துகிறது என்று கருதியது இயல்பே. எத்தில் பென்சோயேட்டின் கார்பனைல் கார்பன் தனித்த நிலையில் 166 பிபிஎம் (முகட்டின் இடத்தைக் குறிக்கும் வேதி நகர்வின் அலகு) அருகே நிற்கும். லூயி அமிலத்தோடு (எலக்ட்ரான் இணையை ஏற்பது) ஆக்சிஜன் வழியாகப் பிணைந்ததும் அது உயர் பிபிஎம் பக்கம் நகரும், பரப்பில் பலவகை இடங்கள் இருப்பதால் அகலவும் செய்யும். மெக்னீசியமும் லூயி அமிலம், டைட்டானியமும் லூயி அமிலம் என்பதுதான் சிக்கல். நகர்வு மட்டும் பிணைப்பு இருக்கிறது என்று சொல்லும். யாரோடு என்பதை உறுதியாகச் சொல்லாது.

ஆகவே ஒப்பீட்டு மாதிரிகள் தேவை. டைட்டானியமே இல்லாமல் மெக்னீசியம் குளோரைடையும் வழங்கியையும் மட்டும் பந்து ஆலையில் அரைத்து ஒரு மாதிரி. டைட்டானியம் டெட்ராகுளோரைடும் வழங்கியும் சேர்ந்த படிகச் சேர்மம் இன்னொன்று. உண்மையான முன்வினையூக்கி, அதாவது இன்னும் கிளர்வூட்டாத வினையூக்கி, மூன்றாவது. மூன்றையும் ஒரே அளவுகோலில் அடுக்கிப் பார்க்கும்போது, முன்வினையூக்கியின் அகன்ற மேடு டைட்டானியம் இல்லாத அரைத்த மாதிரியின் மேட்டை ஒத்திருப்பதைக் காணலாம். படிகச் சேர்மத்தின் கூரிய முகடு நிற்கும் இடத்தில் குறிப்பிடத்தக்க எதுவும் இராது. வழங்கியின் பெரும்பகுதி மெக்னீசியத்தில்தான் அமர்ந்திருக்கிறது என்ற இன்றைய ஒருமித்த கருத்துக்கு, அகச்சிவப்பு நிறமாலையோடு சேர்ந்து இத்தகைய ஒப்பீடுகளும் அடிப்படையாயின.

மெக்னீசியம் குளோரைடு படிகத்தின் பக்க முகங்களில் 110 என்ற முகத்தில் மெக்னீசியம் நான்கு குளோரின்களோடும், 104 என்ற முகத்தில் ஐந்து குளோரின்களோடும் நிற்கிறது. டைஈதரின் இரு ஆக்சிஜன்களும் 110 முகத்தின் ஒரே மெக்னீசியத்தை இடுக்கிபோலப் பிடிக்க வல்லவை. தாலேட்டுக்கு அதைவிட அதிக வழிகள் உண்டு. தாலேட் மாதிரிகளில் மேடு கூடுதலாக அகல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஆகவே அந்த அகலத்தை மோசமான அளவீடு என்று ஒதுக்காமல், பரப்பில் எத்தனை வகை இருக்கைகள் உள்ளன என்பதற்கான தடயமாகப் படிக்க வேண்டும்.

சுற்றி வளைப்பானேன்? டைட்டானியத்தையே நேரடியாகப் பார்க்க முடியாதா?

முடியும், ஆனால் இக்கருக்களில் மிகக் கடினமானவற்றுள் இதுவும் ஒன்று. டைட்டானியம்-47 இயற்கையில் 7.4 விழுக்காடு, டைட்டானியம்-49 5.4 விழுக்காடு. இரண்டும் நான்முனைக் கருக்கள். புரோட்டான் 400 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் காந்தத்தில் இவை இரண்டும் 22.5 மெகாஹெர்ட்ஸ் அருகே, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 270 பிபிஎம் இடைவெளியில் ஒலிப்பதால், சமச்சீர் குலைந்த சூழலில் இருவரின் அகன்ற வடிவங்களும் ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிடும். மாதிரியில் டைட்டானியமோ எடையில் இரண்டு, மூன்று விழுக்காடுதான்.

புலத்தின் வலிமை கூடக்கூட நான்முனை விரிவு ஹெர்ட்ஸ் அளவில் எதிர்விகிதத்தில் குறையும். பிபிஎம் அளவில் இருபடி எதிர்விகிதத்தில் குறையும். ஆகவே இங்கே பெரிய காந்தம் ஆடம்பரம் அன்று. அதோடு, ஒரே கிளர்ச்சிக்குப் பின் எதிரொலிகளைத் தொடராக வாங்கிச் சேர்க்கும் முறையும், அகன்ற பட்டையை ஒரே துடிப்பில் அள்ளும் அதிர்வெண் வீச்சுத் துடிப்புகளும் கைகொடுக்கின்றன. சூரிச்சின் இடிஎச் நிறுவனத்தில் கோப்பரே குழுவினர் 2024இல் முன்வினையூக்கியின் டைட்டானிய இடங்களை இவ்வழியே பார்த்து வெளியிட்டனர். நெதர்லாந்தின் நைமேகனில் கென்ட்கன்ஸ் குழுவினர் குளோரின்-35ஐக் கொண்டு தாங்கியின் ஒழுங்கின்மையை ஆராய்ந்துள்ளனர். உங்கள் கையில் 400 மெகாஹெர்ட்ஸ் கருவி மட்டும் இருந்தால், டைட்டானியத்தில் மூன்று நாளைச் செலவிடுவதைவிட முந்தைய பதிலில் சொன்ன மூன்று மாதிரிகளைச் செம்மையாகச் செய்வது மேல்.

டிரைஎத்தில் அலுமினியம் சேர்த்ததும் பாதி முகடுகள் காணவில்லை. மாதிரி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெடவில்லை, கிளர்வுற்றிருக்கிறது. முன்வினையூக்கியில் டைட்டானியம் நான்கு என்ற ஆக்சிஜனேற்ற நிலையில், தனி எலக்ட்ரான் இன்றி இருக்கிறது. அலுமினியம் ஆல்கைல் அதை மூன்றுக்கு ஒடுக்குகிறது. ஒரு தனி எலக்ட்ரான் வந்து சேர்கிறது. தனி எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் புரோட்டானைப்போல் ஏறத்தாழ 658 மடங்கு. அதன் அருகில் இருக்கும் கருக்களின் முகடு நகர்ந்து, அகன்று, விரைவாகத் தளர்ந்து அடித்தளத்தோடு கலந்துவிடுகிறது. உங்கள் நிறமாலையில் எஞ்சியிருப்பவை தனி எலக்ட்ரானிடமிருந்து தொலைவில் இருப்பவை மட்டுமே.

ஆகவே இந்த இழப்பையே அளவுகோலாக்கலாம். கிளர்வூட்டலுக்கு முன்னும் பின்னும் எண்ணிக்கை முறையில் அளந்து, எந்த முகடு எத்தனை விழுக்காடு குறைந்தது என்று பாருங்கள். டைட்டானியத்தின் அருகில் யார் இருந்தார்கள் என்பதற்கு அது மறைமுகச் சான்று. அதற்கு முன் ஒன்றை விலக்கிவிட வேண்டும்: அலுமினியம் ஆல்கைல் வழங்கியோடு வினைபுரிந்து அதைப் பரப்பிலிருந்து கழற்றிவிடும். தாலேட்டுகளில் இது நிச்சயம் நிகழும், வெளி வழங்கி ஒன்றைச் சேர்ப்பதே அந்த இழப்பை ஈடுகட்டத்தான். கழுவிய திரவத்தில் வழங்கி எவ்வளவு வந்தது என்று அளக்காமல், மறைந்ததை எல்லாம் தனி எலக்ட்ரானின் கணக்கில் எழுதக் கூடாது. தனி எலக்ட்ரானையே அளக்கும் எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வையும் உடன் எடுங்கள். ஆனால் அருகருகே கொத்தாக அமர்ந்த மூன்று நிலை டைட்டானியம் அதிலும் தெரிவதில்லை.

பரப்பில் என்ன இருக்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய எடுத்துக்காட்டு ஏதாவது உண்டா?

உண்டு. பிரான்சின் லியோனில் பாசே குழுவினர் வளர்த்தெடுத்த சிர்கோனியம் ஹைட்ரைடை எடுத்துக்கொள்ளலாம். சிலிக்காவைச் சூடாக்கி நீர் நீக்கினால், சதுர நானோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்தாக இருந்த சிலனால் (சிலிக்கானோடு பிணைந்த ஹைட்ராக்சில்) தொகுதிகள் 700 பாகை செல்சியஸில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்து ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கும். இத்தகைய சிலனாலோடு டெட்ராநியோபென்டைல் சிர்கோனியம் வினைபுரிந்து ஒரு நியோபென்டேனை வெளியிட்டுப் பரப்பில் ஒட்டுகிறது. பிறகு 150 பாகையில் ஹைட்ரஜனில் சூடாக்கினால் மீதமுள்ள ஆல்கைல்கள் நீங்கி ஹைட்ரைடு உருவாகிறது. சிர்கோனியம் பக்கத்துச் சிலாக்சேன் பாலங்களையும் பிளந்து, சிலிக்கான்–ஹைட்ரஜன் தொகுதிகளை அங்கே விட்டுவைக்கிறது.

புரோட்டான் நிறமாலையில் 10.1 பிபிஎம்மில் ஒரு முகடு, 12.1 பிபிஎம்மில் ஒரு முகடு. எது ஒற்றை ஹைட்ரைடு, எது இரட்டை? லியோன் குழுவினர் 2004இல் இரட்டைக் குவாண்ட இருபரிமாண முறையைக் கையாண்டனர். அருகருகே உள்ள இரு புரோட்டான்கள் மட்டுமே அதில் குறிகை தரும். நெடுக்கு அச்சில் அவை தம் அதிர்வெண்களின் கூட்டுத்தொகையில் நிற்கும். 12.1இல் உள்ள முகடு நெடுக்கு அச்சில் 24.2இல், மூலைவிட்டத்தின் மேலேயே அமர்ந்தது: அந்தப் புரோட்டானின் மிக அருகில் அதே வகைப் புரோட்டான் இன்னொன்று இருக்கிறது, ஆகவே அது இரட்டை ஹைட்ரைடு. 10.1க்கு அப்படி எதுவும் இல்லை. ஒரே சிர்கோனியத்தில் எத்தனை ஹைட்ரஜன் என்ற கேள்விக்கு, படிகமே இல்லாத பரப்பில் கிடைத்த இந்த விடையை நான் எத்தனை முறை மாணவர்களுக்கு வரைந்து காட்டினாலும் அலுப்பதில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரைடு, சிலிக்கா–அலுமினா மேல் அமர்ந்து ஹைட்ரஜன் முன்னிலையில் பாலிஎத்திலீனைச் சிறு ஆல்கேன்களாக வெட்டவும் வல்லது என்பதை 1998இல் அவர்கள் காட்டினர்.

மெத்தில் அலுமினாக்சேனை அலுமினியம்-27 கொண்டு பார்த்தால் அமைப்பு தெரிந்துவிடுமா?

மெத்தில் அலுமினாக்சேன், உலோகச் சேர்மங்களைப் பலபடியாக்கத்துக்குக் கிளர்வூட்டும் அலுமினியச் சேர்மம். அலுமினியம்-27 அளவுகோலில் ஆக்சைடுகளில் நான்கு அண்டையர் கொண்டவை 60 பிபிஎம் சுற்றிலும், ஐந்து கொண்டவை 30 சுற்றிலும், ஆறு கொண்டவை பூச்சியத்தை ஒட்டியும் வரும். மெத்தில் அலுமினாக்சேனில் கார்பனும் ஆக்சிஜனும் கலந்து சூழ்வதால் மின்புலச் சரிவு மிகப் பெரிது. முகடு அடித்தளத்தில் பரவிய மேடாகிவிடும். மெத்தில் தொகுதிகளை வைத்து அணுகுவது எளிது: அலுமினியத்தோடு பிணைந்த மெத்தில், புரோட்டானிலும் கார்பனிலும் பூச்சியத்துக்குக் கீழே தனித்து நிற்கும். எஞ்சிய டிரைமெத்தில் அலுமினியத்தை வெற்றிடத்தில் எவ்வளவு நீக்கினீர்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறும் என்பதால், அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.

ஃபிலிப்ஸ் வினையூக்கிக்கும் இதே முறைகள் பொருந்துமா?

மிகக் குறைவாகவே. 1951இல் ஓக்லஹோமாவின் பார்ட்லஸ்வில்லில் ஹோகனும் பேங்க்ஸும் கண்டறிந்த இந்தக் குரோமியம்–சிலிக்கா வினையூக்கியில், காற்றில் சுட்டபின் குரோமியம் ஆறு நிலையில் இருக்கும். எத்திலீனைத் தொட்டதும் அது ஒடுங்கித் தனி எலக்ட்ரான்கள் பெற்றுவிடும். அந்தக் குரோமியத்தில் வளரும் சங்கிலியின் முதல் கார்பன்கள், டிரைஎத்தில் அலுமினியம் பற்றிய பதிலில் சொன்ன காரணத்தாலேயே நம் பார்வையிலிருந்து மறைகின்றன. தாங்கியின் சிலனால்களையும், விளைந்த பலபடியையும் என்எம்ஆர் நன்றாகக் காட்டும். செயல்படும் குரோமியத்துக்கு எக்ஸ்-கதிர் உறிஞ்சல் நிறமாலையையே நாட வேண்டும்.

டிஎன்பி வசதி உள்ள கருவிக்கு அனுப்பினால் எல்லாம் தெரியும் என்கிறார்களே?

டிஎன்பி, அதாவது இயங்கு அணுக்கரு முனைவாக்கம், தனி எலக்ட்ரானின் பெரிய முனைவாக்கத்தை நுண்ணலையால் கருக்களுக்கு மாற்றும் உத்தி. ஓவர்ஹவுசர் 1953இல் இக்கருத்தை முன்வைத்தார். 2010இல் லியோன் குழுவினர் இதைக் கொண்டு நுண்துளைச் சிலிக்காவின் பரப்புத் தொகுதிகளை மட்டும் பன்மடங்கு வலுப்படுத்திக் காட்டினர். வழக்கமான அமைப்பில் 9.4 டெஸ்லா காந்தமும் 263 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையும் ஏறத்தாழ 100 கெல்வின் குளிரும் வேண்டும். ஒரு வாரம் எடுக்கும் கார்பன் அளவீடு சில மணி நேரத்தில் முடியும் என்பதால், முன்வினையூக்கியில் வழங்கி எப்படி அமர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு இது மிகவும் ஏற்றது.

ஆனால் மாதிரியை இரண்டு தனி எலக்ட்ரான்கள் கொண்ட நைட்ராக்சைடு மூலக்கூறு கலந்த கரைப்பானில் நனைக்க வேண்டும். நைட்ராக்சைடின் ஆக்சிஜன் லூயி அமில இடங்களைத் தேடிப் பிணையும். அலுமினியம் ஆல்கைல் அதை அழித்துவிடும். குளோரின் ஏறிய கரைப்பான்களும் கிளர்வுற்ற மாதிரியைச் சும்மா விடுவதில்லை. ஆகவே கிளர்வூட்டிய வினையூக்கியை இந்த முறைக்கு அனுப்பும்முன் இருமுறை யோசியுங்கள். எதை அனுப்பினாலும், அந்த நைட்ராக்சைடு சேர்க்காத அதே மாதிரியின் சாதாரண நிறமாலையையும் அருகில் வைத்து, முகடுகளின் இடம் நகரவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

நான் பார்க்கும் முகடு செயல் மையத்தினுடையதுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

முகட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்தத் தொகுப்பில் நான் மிகவும் அக்கறையோடு எழுதும் பதில் இது. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3.2 மி.மீ. ரோட்டரில் 30 மில்லிகிராம் வினையூக்கி. டைட்டானியம் 2 விழுக்காடு என்றால் 0.6 மில்லிகிராம், அதாவது 12.5 மைக்ரோமோல். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சங்கிலி வளர்க்கிறது என்று கொண்டால் 1.25 மைக்ரோமோல். ஒவ்வொன்றிலும் டைட்டானியத்தோடு பிணைந்த ஒரு கார்பன்; அதில் 1.1 விழுக்காடே கார்பன்-13. மிஞ்சுவது 14 நானோமோல். அருகிலேயே வழங்கியின் கார்பன்கள் ஆயிரக்கணக்கான நானோமோலில் நிற்கின்றன. என்எம்ஆர் பெரும்பான்மையைக் காட்டுகிறது. பலபடியை உண்டாக்குவது சிறுபான்மை.

இந்த இடைவெளியை நேர்மையாகக் கடந்தவர்களின் வழி பின்பற்றத்தக்கது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டோபின் மார்க்ஸ் குழுவினர், மெத்தில் கார்பனைக் கார்பன்-13ஆல் செறிவூட்டிய தோரியம், சிர்கோனியம் சேர்மங்களை நீர் நீக்கிய அலுமினாவில் படியவிட்டனர். ஒரு மெத்தில் உலோகத்திலிருந்து கழன்று பரப்பின் அலுமினியத்துக்கு மாறி, அங்கே பூச்சியத்துக்குக் கீழே புதிய முகடு தோன்றியது. நேர்மின் உலோக மையம் பிறந்ததற்கு அது சான்று. அவர்கள் அதோடு நிற்கவில்லை. வினையை நஞ்சூட்டி நிறுத்த எவ்வளவு நஞ்சு தேவைப்படுகிறது என்று அளந்து, அலுமினா மேலுள்ள தோரிய மையங்களில் சுமார் 4 விழுக்காடே புரொப்பிலீன் ஹைட்ரஜனேற்றத்தில் பங்கேற்கிறது என்று கண்டனர். பின்னாளில் சல்பேட் ஏற்றிய சிர்கோனியாவைத் தாங்கியாக்கியபோது, சிர்கோனிய மையங்களில் பெரும்பான்மை எத்திலீன் பலபடியாக்கத்தில் செயல்பட்டது; அந்த மாதிரியில் முகடு செயல் மையத்தைக் காட்டுகிறது என்ற கூற்றுக்கு எடை வந்தது.

ஆகவே உங்கள் அறிக்கையில் ஒவ்வொரு முகட்டுக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கட்டும்: அந்த முகடு மொத்த உலோகத்தில் எத்தனை விழுக்காட்டைக் குறிக்கிறது, நஞ்சூட்டல் அளவீட்டில் செயல்படுவது எத்தனை விழுக்காடு. முதல் எண் 90, இரண்டாவது 5 என்றால், அந்த முகட்டைச் செயல் மையம் என்று அழைக்க நமக்கு உரிமையில்லை. எத்திலீனைச் சேர்த்ததும் அந்த முகடு குறைந்து, சேர்த்த எத்திலீனின் அளவுக்கு ஏற்பப் புதியது வளர்ந்தால், அது வலுவான துணைச் சான்று.

வினை நடக்கும்போதே பார்க்கலாமா? உருவாகும் பாலிஎத்திலீன் எல்லாவற்றையும் மறைத்துவிடாதா?

மறைத்துவிடும், ஆகவே மிகக் குறைவாக எத்திலீன் விடுங்கள். கார்பன்-13 செறிவூட்டிய எத்திலீனை, டைட்டானியம் ஒன்றுக்குச் சில மூலக்கூறுகள் என்ற அளவில், மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் உறையவைத்துச் சேர்த்து, அக்குப்பியை ரோட்டருக்குள் வைத்துச் சுழற்றலாம். வினைபுரியாத எத்திலீன் 123 பிபிஎம்மில் கூர்மையாகத் தெரியும். சங்கிலி வளர வளர அது தேய்ந்து, 33 பிபிஎம்மில் படிக நிலைப் பாலிஎத்திலீனும் 31இல் ஒழுங்கற்ற பகுதியும் எழும். இந்த இரண்டின் விகிதம், சங்கிலிகள் உருவான உடனேயே படிகமாகின்றனவா என்பதைச் சொல்லும். தொடர்ந்து வாயு ஓடும் ஆலை நிலைமையை மூடிய ரோட்டர் ஒத்திராது என்பதைக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

டிஎஃப்டி கணக்கீட்டில் வந்த வேதி நகர்வு அளவீட்டோடு ஒத்துப்போகிறது. அமைப்பு நிரூபணமாகிவிட்டதா?

டிஎஃப்டி (அடர்த்திச் சார்பியக் கோட்பாடு) கணக்கீட்டின் ஓர் எண் அளவீட்டின் ஓர் எண்ணோடு ஒத்துப்போவது பலவீனமான சான்று. கார்பனைலுக்கு 110 முகத்தில் ஓர் அமைப்பும் 104 முகத்தில் வேறோர் அமைப்பும் ஒன்றிரண்டு பிபிஎம் வேறுபாட்டுக்குள் வந்துவிடும். கணக்கீட்டின் பிழையும் அதே அளவுதான். சராசரி வேதி நகர்வை மட்டும் ஒப்பிடாமல், மெதுவான சுழற்சியில் வரும் பக்கமுகடுகளின் உயரங்களிலிருந்து அதன் மூன்று முதன்மைக் கூறுகளையும் எடுத்து மூன்றையும் ஒப்பிடுங்கள். நான்முனைக் கருவானால் பிணைப்பு மாறிலியையும் சமச்சீரின்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று கூறுகளுக்கு அமைப்பைத் தாண்டிய பயனும் உண்டு. தனி எலக்ட்ரான் இல்லாத உலோக மையங்களில், உலோகத்தை நேரடியாகத் தொடும் ஆல்கைல் கார்பனின் ஒரு கூறு மட்டும் உயர் பிபிஎம் பக்கம் வெகுதூரம் விலகி நின்றால், அந்த உலோகம்–கார்பன் பிணைப்பில் பை தன்மை (இரட்டைப் பிணைப்பின் சாயல்) கலந்திருக்கிறது என்று பொருள். ஒலிஃபீன் செருகலை எளிதில் நடத்தும் மையங்களில் இதைக் காண்கிறோம் என்று கோப்பரே, ஐசன்ஸ்டைன் ஆகியோரின் குழுக்கள் காட்டியுள்ளன. உங்கள் மாதிரியில் இரண்டு கூறுகள் பொருந்தி மூன்றாவது மட்டும் இருபது பிபிஎம் விலகி நின்றால், அளவீட்டைச் சந்தேகிக்கும் முன் கணக்கீட்டு மாதிரியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரே ஒரு வழங்கி மூலக்கூறை வெறும் பரப்பில் தனியே உட்காரவைத்திருப்பீர்கள். பக்கத்து மெக்னீசியத்தில் இரண்டாவதையும் அமர்த்தி மறுபடி கணக்கிடுங்கள்.